குடியை நிறுத்தும் முன் ஓ.பி. சீட்டு வாங்குங்கள்

கார்த்திகை பிறந்ததும் கடலூர், சிதம்பரம் பக்கத்தில் மாலை போடுகிறவர்களில் நிறையப் பேர் அன்றைக்கே குடியையும் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் குலதெய்வம் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு விடுகிறார்கள். மனைவி தாலியைக் கழற்றி வைத்த அன்று விடுகிறவர்களும் உண்டு. விட வேண்டும் என்ற எண்ணத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருஷமாகத் தினமும் குவாட்டர் போட்ட உடம்பு, திடீரென்று நிறுத்தினால் என்ன செய்யும் என்பதை அவருக்கும் யாரும் சொல்வதில்லை, வீட்டாருக்கும் யாரும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு நடக்கும் தவறுகளை நான் ஒரே மாதிரி, திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தொடங்கும். தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்குப் புத்தி பேதலிக்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். தேவனாம்பட்டினத்திலோ பரங்கிப்பேட்டையிலோ கடலுக்குப் போகிறவராக இருந்தால், கட்டிலில் உட்கார்ந்து வெறுங்கையால் காற்றில் வலை பின்னுவார். விரல் முடிச்சுப் போடும், இழுத்து இறுக்கும், அடுத்த கண்ணிக்கு நகரும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். உடம்பு நெருப்பாகக் கொதிக்கும், நெஞ்சு படபடக்கும்.

வீட்டார் இதைச் சாமி குத்தம் என்கிறார்கள். காத்துக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். இரண்டும் இல்லை. டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நோய் இது. சிகிச்சை இல்லாவிட்டால் உயிரை எடுத்துவிடும். வலிப்பு வந்தாலோ, பேச்சு தடுமாறி ஆள் அடையாளம் தெரியாமல் போனாலோ 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தினமும் குடிக்கிறவர் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இந்த ஒரு வரி மட்டுமாவது நினைவில் இருக்கட்டும். நிறுத்தத்தான் வேண்டும். அதை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

நான் அந்த அளவுக்குக் குடிப்பவனா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நான்கு கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? உங்கள் குடியைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி உண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் தேவைப்படுகிறதா? இரண்டுக்கு ஆமாம் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான்காவது கேள்விக்கு ஆமாம் என்றால் இந்த வாரமே பார்க்க வேண்டும்.

அளவைப் பற்றியும் நம் ஆட்களுக்குத் தப்புக் கணக்கு இருக்கிறது. டாஸ்மாக் பிராந்தி, ரம் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். 180 மி.லி. குவாட்டரில் சுத்த ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். கட்டிங் என்று பங்கு போடும் 90 மி.லி.யில் 30 கிராம். "நான் பீர் மட்டும்தான் சார்" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில், 650 மி.லி., குடித்தால் 40 கிராம் உள்ளே போகிறது. அது கட்டிங்கை விட அதிகம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

தினமும் குடிக்காமல், சம்பள நாளிலும் விசேஷத்திலும் மட்டும் குடிப்பவர்கள் தாங்களாகவே குறைக்கத் தொடங்கலாம். எந்த நாள், எவ்வளவு, யாரோடு என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். சம்பளப் பணம் நேராக வீட்டுக்காரியின் கணக்குக்குப் போகட்டும். கடை இருக்கும் பாதையை மாற்றுங்கள். புதுச்சேரியில் விலை குறைவு என்று பாலம் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வண்டி ஓட்டித் திரும்பும் வழக்கத்தை முதலில் விடுங்கள். ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். காசு மிச்சம் பிடிக்கப் போனவருக்கு இது கட்டுப்படியாகுமா?

குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடுமா?

குடித்துவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவரை அழைத்துக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்குப் போய் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்க, தெளிஞ்சிடும்" என்று கேட்கிறோம். அங்கேயும் கேள்வி கேட்காமல் போட்டுவிடுகிறார்கள். நீண்ட நாள் குடியில் தயமின் என்ற வைட்டமின் பி1 உடம்பில் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் தயமின் ஊசி இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கண் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும், நடை தள்ளாடும், ஞாபகம் நிரந்தரமாகப் போகும். பிறகு ஆயுசு முழுக்கக் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியிருக்கும். எனவே குளுக்கோஸ் போடும் முன் வாய் திறந்து கேளுங்கள்: "டாக்டர், இவர் தினமும் குடிப்பவர். தயமின் ஊசி முதலில் போடுகிறீர்களா?" கேட்பதில் வெட்கம் என்ன?

தெரியாமல் கலக்கும் பொடி

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று சுவரிலும் செல்போனிலும் வரும் விளம்பரங்களை நம்பிப் பல பெண்கள் பணத்தை இழக்கிறார்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்பிராம் மாத்திரையைக் கடையில் வாங்கி, பொடித்துக் குழம்பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். டைசல்பிராம் நல்ல மருந்துதான். ஆனால் அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயக் கோளாறு உள்ளவர் உயிரே இழக்கலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது. சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து இது. தெரியாமல் கலக்காதீர்கள். உங்கள் கையாலேயே விபரீதம் நடந்துவிடும்.

எங்கே போவது, எதை எடுத்துப் போவது

கடலூர்க்காரர்கள் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், புவனகிரி மக்களுக்கு அண்ணாமலை நகரில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். இன்னமும் எல்லாரும் ராஜா முத்தையா என்றுதான் சொல்கிறோம். 2021 முதல் அது அரசு மருத்துவமனை. தனியார் கட்டணத்துக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. புதுச்சேரி ஜிப்மர் மனநலத் துறையிலும் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் வட்ட மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு "கலங்கரை" என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. உங்களுக்குப் பக்கத்தில் உள்ளது எது என்று 104-ல் விசாரிக்கலாம். போனில் ஆலோசனைக்கு 14416, போதை மீட்புக்கு 14446. இரண்டும் இலவசம்.

காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுங்கள். சீட்டு எழுதும் இடத்தில் "மனநலப் பிரிவு, குடியை நிறுத்த" என்று சொல்லுங்கள். "வயிற்று வலி" என்று மழுப்பினால் வேறு வரிசையில் நின்று ஒரு நாள் போய்விடும். ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டுகள், சர்க்கரை, பிரஷர் மாத்திரை இருந்தால் அவையும் கையில் இருக்கட்டும். ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: தினமும் எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்ததா. மருத்துவர் வார்டில் சேர்ப்பதா, மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வது பெரும்பாலும் கடைசிக் கேள்வியின் பதிலை வைத்துத்தான். மறைக்காதீர்கள்.

ஓ.பி. சீட்டு எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "குடிச்சிட்டு வந்திருக்கான், தெளிஞ்சதும் வரச் சொல்லு" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவருக்குத் தெளிவதுதான் ஆபத்தான நேரம். நீங்கள் திருப்பி அனுப்பும் ஆள் மறுபடி வருவதில்லை, நேராகக் கடைக்குப் போகிறார். 2003 முதல் அரசே சில்லறையில் மது விற்கிறது. விற்கும் இடம் எல்லாருக்கும் தெரிகிறது. நிறுத்த உதவும் இடத்துக்கு ஒரு பெயர்ப்பலகை வைக்க எத்தனை வருஷம் வேண்டும்? டாஸ்மாக் கடை வாசலிலேயே 14416 என்று பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

பூட்டி வைக்கும் மையங்கள்

ராத்திரியில் வண்டி வந்து, நாலு பேர் தூக்கிப் போட்டு, மூன்று மாதம் கண்ணிலேயே காட்டாமல் வைத்திருக்கும் "மறுவாழ்வு மையங்கள்" பெருகிவிட்டன. 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டிவந்தது. கடலூருக்குப் பக்கத்து மாவட்டத்தில் நடந்த கதை அது. அதற்குப் பிறகும் கேள்வி கேட்காமல் பணம் கட்டுகிறோம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மதுவால் வரும் மனநலப் பாதிப்பையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. பணம் கட்டும் முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவைக்கே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. குடிக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்க முடியாது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலை, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை இருக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். ஏழு நாளுக்குள் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பெண்ணாக இருந்தால் மூன்று நாளுக்குள். சங்கிலி போடக் கூடாது, மொட்டை அடிக்கக் கூடாது, தனியறையில் அடைக்கக் கூடாது. பார்க்க விடமாட்டேன் என்கிற மையத்தில் யாரையும் விடாதீர்கள். மீறினால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் பதிவு செய்யுங்கள். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100.

வீட்டுப் பெண்களுக்கு

"குடிச்சாத்தான் அடிக்கிறார், தெளிஞ்சா தங்கமானவர்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு காலம் தள்ளாதீர்கள். அவருக்குச் சிகிச்சை வேண்டும் என்பது ஒன்று, உங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது வேறொன்று. முதலாவது முடியட்டும் என்று இரண்டாவதைத் தள்ளிப்போட வேண்டாம். 181-ஐ அழைக்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அறிக்கை பதிவு செய்யலாம். அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை, பிள்ளைகளின் செலவுக்குப் பணம் இரண்டுக்கும் நீதிமன்றம் உத்தரவிட முடியும்.

மறுபடி ஒரு தடவை குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று கைவிடவும் வேண்டாம். இது திரும்பத் திரும்ப வரக்கூடிய நோய். வந்தால் மறுபடியும் அதே ஓ.பி.க்குப் போக வேண்டும், அவ்வளவுதான். வார்டை விட்டு வந்த பிறகு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகலாம். கட்டணமில்லை, பெயர் சொல்லவும் தேவையில்லை.

குடிக்கிறவர்களிடம் கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "முதலில் நிறுத்திவிட்டு அப்புறம் டாக்டரைப் பார்க்கிறேன்" என்று வரிசையை மாற்றாதீர்கள். குடித்துக்கொண்டிருக்கும் நாளிலேயே வாருங்கள். மாலை போடுவதாக இருந்தாலும், கயிறு கட்டுவதாக இருந்தாலும், அதற்கு முந்தின வாரம் மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்து போடுங்கள்.