குலதெய்வம் எந்த ஊர்?

வம்சாவளி தேடுவதில் இரண்டு வழி உண்டு. இன்று இருப்பவரிலிருந்து மேலே ஏறிப் பாட்டன், பூட்டன் என்று முன்னோரைக் காண்பது ஒன்று. மூத்தவர் ஒருவரை உச்சியில் வைத்து, அவர் வழியில் வந்தவர்கள் அத்தனை பேரையும் கீழ்நோக்கிக் கணக்கெடுப்பது மற்றொன்று. முன்னதில் ஐந்து தலைமுறை மேலே போனால் அந்தப் படியில் 32 பேர்தான். பின்னது அவ்வளவில் அடங்காது. தலைக்கு நான்கு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டாலே ஐந்தாம் தலைமுறையில் 1,024 பேர் வந்து நிற்பார்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இந்தத் தேடல் பெரும்பாலும் வெளியூரில் போய்த்தான் முடியும். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற பகுதி அது. மண்டிக்கும் வெள்ளிப் பட்டறைக்கும் பிழைப்பு தேடி வந்து தங்கிய குடும்பங்களுக்குச் சொந்த ஊர் ராசிபுரம் பக்கமோ, திருச்செங்கோடு பக்கமோ, அதற்கும் அப்பாலோ இருக்கும். ஆகவே முதல் கேள்வி, ‘குலதெய்வம் எந்த ஊர்?’ என்பதுதான். ஊரை விட்டு நான்கு தலைமுறை ஆன பிறகும் சிவராத்திரிக்கும் முதல் மொட்டைக்கும் அந்தக் கோயிலுக்குப் போகிற பழக்கம் விட்டுப்போவதில்லை. அங்கே வரி போடும் தலைக்கட்டுப் பட்டியல்தான் பங்காளிகளின் கணக்கு. கொங்கு வேளாளர்களிடம் ‘கூட்டம்’ எனப்படும் குலப்பிரிவின் பெயரும் இதற்குத் துணை நிற்கும். ஒரே கூட்டத்தார் பங்காளி முறை என்பதால் அவர்களுக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். மற்றச் சமூகங்களில் கோத்திரமும் வீட்டுப்பெயரும் அந்த வேலையைச் செய்கின்றன.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளும்போது பெயர்க் குழப்பம் வரும். பாட்டன் பெயரைத் தாங்கியவன் ‘பெயரன்’. அதுவே பேரன் ஆயிற்று. அதனால் ஒரே குடும்பத்தில் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறைக்குப் பெரியசாமி வந்துகொண்டே இருப்பார். எந்தப் பெரியசாமி என்று பிரிக்கத் தகப்பன் பெயரின் முதலெழுத்து வேண்டும். அதைவிட ‘மேட்டுக்காட்டார்’, ‘மண்டிக்காரர்’ போன்ற பட்டப்பெயர் நன்றாக உதவும். சாதக ஓலையில் இருக்கும் வருஷப் பெயரையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஆங்கிரச வருஷம் 1872, 1932, 1992 என்று 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்.

வாய்மொழியைச் சரிபார்க்கப் பத்திரம்தான் துணை. சென்னை மாகாணத்தில் பத்திரப்பதிவு 1860களில் தொடங்கியது. வம்சாவளிக்கு விற்பனைப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் பத்து மடங்கு மதிப்புள்ளது. தகப்பன் யார், அண்ணன் தம்பி எத்தனை பேர், மைனர் யார், அவனுக்குக் கார்டியன் யார் என்பதெல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதலாம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். பெயர் வாரியாக ஓர் அட்டவணையும் சொத்து வாரியாக ஓர் அட்டவணையும் உண்டு. சர்வே எண் தெரியாதவர் பெயர் அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டும். இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று ஓரளவுக்குத்தான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும்.

நிலம் வைத்திருந்த குடும்பமானால் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த யுடிஆர் திட்டத்துக்கு முந்தைய பட்டாவையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கலாம். மாவட்ட எல்லை மாறியதை மறந்துவிடக் கூடாது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1 அன்று. அதற்கு முன் சேலம். இன்னும் பின்னே போனால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாமக்கல் தாலுகா திருச்சி மாவட்டத்தில் இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பிப் பயனில்லை. இந்தியாவில் தனிநபர் விவரங்கள் சட்டப்படி ரகசியமானவை.

இந்தப் பகுதி வம்சாவளிகள் பல தாது வருஷத்தருகே வந்து அறுந்துபோகின்றன. 1876இல் தொடங்கிய பஞ்சத்தைச் சேலத்துக்காரர்கள் இன்றும் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881இல் எண்ணியபோது 16 லட்சம்கூடத் தேறவில்லை. செத்தவர்கள் போக, டவுனுக்கு வந்தவர்கள், இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள், கப்பல் ஏறியவர்கள் என்று மிச்சமிருந்தவர்களும் சிதறினார்கள். ஊரில் தங்கிய கிளைக்கு, போன கிளையின் பெயர்கூட நினைவில்லை.

விசித்திரம் என்னவென்றால், ஊரில் இருந்த ஏழைக்கு இல்லாத ஆவணம் கப்பல் ஏறிய ஏழைக்கு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சுமார் 1 லட்சத்து 52 ஆயிரம் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். ‘ட்ரூரோ’ என்ற முதல் கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் காலனி எண், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரை எழுதப்பட்டன. மொரீஷியஸ் பதிவேடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அவற்றில் பலருடைய புகைப்படமும் உண்டு. ஊர்ப்பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதுதான் சிக்கல். ஆங்கில எழுத்தில் சிதைந்திருப்பதைப் பலமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தால்தான் எந்த ஊர் என்று பிடிபடும்.

இத்தனை ஆவணங்களிலும் பெண்வழி மிகக் குறைவு. பட்டா ஆண் பெயரில், தலைக்கட்டு வரி ஆண் பெயரில். தமிழ்நாட்டில் 1989இல் சட்டம் திருத்தப்பட்டுப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு வரும்வரை, பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவளுக்கு இடமில்லை; இருந்தால் கல்யாணச் செலவாக, பெயரில்லாமல் இருப்பாள். மகள்வழியை விட்டுவிட்டு எழுதிய வம்சாவளி பாதி வம்சாவளிதான். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற வழக்கமுள்ள குடும்பங்களில் அது பாதியளவுகூடத் தேறாது. அக்கா மகளைக் கட்டியவரின் பிள்ளைகளுக்கு, அப்பாவைப் பெற்றவர்களே அம்மாவின் பாட்டி தாத்தாவாகவும் அமைகிறார்கள். பெண்வழி தெரியாமல் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

அந்தக் குறையை ஓரளவு தீர்ப்பவை கல்யாணப் பத்திரிகையும் மொய் நோட்டும். தாய்மாமன் யார், எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள், சம்பந்தி வீடு எது என்பதையெல்லாம் ஊர்ப்பெயரோடு எழுதி வைத்தவை இவை இரண்டும்தான். பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்கும். மொய் நோட்டுக்கு நகல் கிடையாது. பரணில் அப்படி ஒன்று கிடந்தால், போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.