அச்சுப்பொறியே, நீ யார்?

ஜார்ஜ்டவுனில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். ஐந்தாம் படிவ மாணவர்களுக்கான சோதனைத்தாளை ஆசிரியை ஒருவர் தம் மடிக்கணினியில் தயாரித்து முடிக்கிறார். ‘அச்சிடு’ எனும் பொத்தானைச் சொடுக்குகிறார். அருகில் இருக்கும் அச்சுப்பொறி அசையவில்லை. அதே வேளையில், மாடியில் உள்ள நூல்நிலையத்தில் வினாத்தாள் பக்கம் பக்கமாக வெளிவருகிறது. அங்கே மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்கள்! ஆசிரியையின் ஒரு வார உழைப்பு வீணாகிவிட்டது.

இதற்குக் காரணம் என்ன? முதல்நாள் அந்த ஆசிரியை, பள்ளியின் கணினி வலையமைப்பு வழியாக நூல்நிலைய அச்சுப்பொறியில் ஒரு கடிதத்தை அச்சிட்டிருந்தார். இறுதியாகப் பயன்படுத்திய அச்சுப்பொறியையே வழக்கமான அச்சுப்பொறியாக வைத்துக்கொள்ளும் வசதி விண்டோஸ் 10இல் உண்டு. கணினி அதன்படியே நடந்தது. ஆசிரியையோ, பக்கத்தில் இருக்கும் பொறிதான் இயங்கும் என ஊகித்துக்கொண்டார்.

கணினி காட்டும் அச்சுப்பொறிப் பட்டியலைப் பார்த்தாலும் குழப்பம் தீராது. அது கணினியில் நிறுவப்பட்ட அச்சுப்பொறிகளின் பட்டியலே தவிர, இப்பொழுது இணைக்கப்பட்டுள்ளவற்றின் பட்டியல் அன்று. சென்ற ஆண்டே பழுதாகிக் கழிக்கப்பட்ட பொறியின் பெயரும் அதில் இருக்கலாம். சில பொறிகளின் கம்பியை வேறொரு துளையில் செருகினால், அதே பொறி ‘காப்பி 1’ என்ற ஒட்டுடன் இரண்டாம் முறை பட்டியலில் இடம்பெறும். ‘மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்பதும் அப்பட்டியலில் உண்டு. அது தாளில் அச்சிடாது. கோப்பை மட்டுமே உருவாக்கும். மேலும், பட்டியலில் உள்ள பெயரை மாற்றி எழுதவும் முடியும். ஆகவே, பெயரை மட்டும் நம்பக்கூடாது.

அப்படியானால், எதை நம்புவது? அச்சுப்பொறி தன்னைப்பற்றித் தானே கூறும் தகவலை நம்பலாம். 1994ஆம் ஆண்டு வெளிவந்த ஐஇஇஇ 1284 எனும் தரநிலை இதற்கு வழிவகுத்தது. கணினி கேட்டால், அச்சுப்பொறி தன் தயாரிப்பாளர் யார், தான் எந்த மாதிரி, எந்தக் கட்டளைமொழி தனக்குப் புரியும் என்பனவற்றைத் தெரிவிக்கும்.

1996ஆம் ஆண்டு யூஎஸ்பி இணைப்பு முறை அறிமுகமானது. அதனை உருவாக்கிய ஏழு நிறுவனங்களுள் இன்டெல் நிறுவனமும் ஒன்று. அந்நிறுவனம் 1972ஆம் ஆண்டு நம் பினாங்கு மாநிலத்தின் பாயான் லெப்பாசில் தொழிற்சாலையைத் தொடங்கியது என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி.

யூஎஸ்பி முறையில் ஒவ்வொரு சாதனமும் இரண்டு அடையாள எண்களைக் கொண்டிருக்கும். ஒன்று தயாரிப்பாளரைக் குறிக்கும். மற்றொன்று மாதிரியைக் குறிக்கும். எச்பி நிறுவனத்தின் எண் 03எஃப்0. கேனன் நிறுவனத்தின் எண் 04ஏ9. இவற்றோடு, சாதனத்தின் வகையைக் குறிக்கும் எண்ணும் உண்டு. அச்சுப்பொறி வகைக்கு உரியது 07 ஆகும். கம்பியைச் செருகியவுடன் கணினி இவ்வெண்களைக் கேட்டுப் பெறுகிறது. பட்டியலில் பெயரை மாற்றினாலும் இவ்வெண்கள் மாறுவதில்லை.

இத்தகவல்களைச் சிறுநிரல் ஒன்றின்வழி நாமும் பெறலாம். வரிசையாகச் செய்யவேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைப்பதே சிறுநிரலாகும். ஒருமுறை எழுதிவிட்டால், கணினிக் கூடத்தில் உள்ள எல்லாக் கணினிகளிலும் அதனை இயக்கலாம். விண்டோஸ் கணினியில் பவர்ஷெல் எனும் கருவி இதற்குப் பயன்படுகிறது. அச்சுப்பொறியைக் கண்டறியும் சிறுநிரல் நான்கு படிகளில் அமையும்.

முதலாவது, ‘கெட்-பிரிண்டர்’ எனும் கட்டளையைக் கொண்டு நிறுவப்பட்ட அச்சுப்பொறிகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். ஒவ்வொரு பொறியின் பெயரோடு அதன் இணைப்பு வாயிலும் தெரியும். வாயிலின் பெயர் ‘யூஎஸ்பி001’ என்றிருந்தால், அது கம்பிவழி இணைக்கப்படும் பொறி என அறியலாம். இரண்டாவது, வழக்கமான அச்சுப்பொறி எது எனக் கேட்க வேண்டும். மூன்றாவது, ‘கெட்-பிஎன்பிடிவைஸ்’ எனும் கட்டளையின்வழி, இந்நேரத்தில் உண்மையாகவே பொருத்தப்பட்டுள்ள சாதனங்களை மட்டும் பெற வேண்டும். நான்காவது, இவ்விடைகளை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் திரையில் எச்சரிக்கை காட்டச் செய்ய வேண்டும்.

லினக்ஸ், மேக் கணினிகளில் 1999ஆம் ஆண்டு வெளிவந்த ‘கப்ஸ்’ எனும் அமைப்பு அச்சிடும் பணியைக் கவனிக்கிறது. அங்கே ‘எல்பிஸ்டாட்’ எனும் கட்டளை, அமைக்கப்பட்ட அச்சுப்பொறிகளைக் கூறும். ‘எல்பிஇன்ஃபோ’ எனும் கட்டளை, இணைந்திருக்கும் சாதனங்களைத் தேடிக் கூறும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை மறந்துவிடக்கூடாது.

சிறுநிரலுக்கும் எல்லை உண்டு. மின்சாரம் நிறுத்தப்பட்ட அச்சுப்பொறி எந்தக் கேள்விக்கும் விடையளிக்காது. வலையமைப்பில் உள்ள பொறிக்கும் நம் கணினிக்கும் இடையே நேரடிக் கம்பி இல்லை. ஆதலால், அதன் வலையமைப்பு முகவரிக்குக் கேள்வி அனுப்பி, பதில் வருகிறதா எனப் பார்க்க வேண்டும். அப்பொறி எந்த அறையில் இருக்கிறது என்பதை, யாரேனும் முன்னரே பதிந்து வைத்திருந்தால்தான் சிறுநிரலால் கூற முடியும். மேலும், கிடைக்கும் விடை கேட்ட நொடிக்கு மட்டுமே உரியது. அடுத்த நிமிடமே ஒருவர் கம்பியைப் பிடுங்கிவிடலாம். ஆகவே, ஒவ்வொரு முறையும் அச்சிடுவதற்கு முன்னரே கேட்பதுதான் முறை.

அந்த ஆசிரியையின் கணினியில் இத்தகைய சிறுநிரல் இருந்திருந்தால், ‘வழக்கமான அச்சுப்பொறி: நூல்நிலையம்’ எனும் ஒரு வரி அவரைத் தடுத்து நிறுத்தியிருக்கும். வினாத்தாளும் பாதுகாப்பாக இருந்திருக்கும். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் வாக்கு. கணினித்திரையில் காணும் பெயருக்கும் அது பொருந்தும்.