'சோஷியல் ஒர்க்' படிச்சா சம்பளம் வருமா?

என் நாத்தனார் மகள் பி.ஏ., முடித்து விட்டு, எம்.எஸ்.டபிள்யூ., படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. 'சோஷியல் ஒர்க்' என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவள் அப்பாவுக்குக் கோபம். "ஊருக்கு உழைக்கறதுக்கு எதுக்கு ரெண்டு வருஷப் படிப்பு? பேசாம பி.எட்., படி, இல்லேன்னா கம்பெனிக்குப் போ" என்கிறார். நான் மட்டும் அவளுக்காகப் பேசினேன். "பத்தாவதோட நின்ன உனக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்?" என்று கேட்டு விட்டார் அண்ணன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நம் சகோதரிகள் வீட்டிலும் இதே பேச்சு நடக்கலாம்.

எங்கள் வீடு ஒரகடம் பக்கம். நான் கல்யாணமாகி வந்த 2010ல் தான் ரெனோ - நிசான் கார் கம்பெனி இங்கே திறந்தார்கள். அப்புறம் மோட்டார் சைக்கிள், லாரி என்று வரிசையாகக் கம்பெனிகள். நாங்களும் மாடியில் இரண்டு ரூம் கட்டி, கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டோம். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பெண்கள். பாவம், நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டார்கள்.

2023ல் அதில் ஒரு பெண்ணுக்கு இருமல் விடவே இல்லை. சளிப் பரிசோதனையில் டி.பி., என்று வந்து விட்டது. கூட இருந்த மூன்று பெண்களும் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்கள். "முதல்ல அவளைக் காலி பண்ணச் சொல்லு" என்றார் என் மாமியார். அந்தப் பெண்ணோ, "ஊருக்குச் சொல்லிடாதீங்கக்கா, யாரும் பொண்ணு கேட்டு வர மாட்டாங்க" என்று என் கையைப் பிடித்துக் கொண்டு அழுதாள். மருந்து இலவசம் தான். இரண்டு மாதம் லீவு போட்டால் சம்பளம்? அவள் அனுப்பும் பணத்தில் தான் ஊரில் அடுப்பு எரிகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிக் கொடுத்து விட்டு, 'மருத்துவ சமூகப் பணியாளர்' என்று போர்டு போட்ட அறைக்கு அனுப்பினார். அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. நோயைப் பற்றி நாலு வார்த்தை பேசியதும், அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி எந்தக் கம்பெனி? அந்த இ.எஸ்.ஐ., கார்டு இருக்கா?" என்பது தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விஷயம் இது தான். இ.எஸ்.ஐ., எண் ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் அதே எண் தான். கம்பெனி மாறினாலும் கூடவே வர வேண்டும். ஆனால், நாலு மாதத்துக்கு முன் அவளைச் சேர்த்த கான்ட்ராக்டர், பழைய எண்ணைக் கேட்காமல் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார். புது எண்ணில் பார்த்தால் அவள் புது ஆள். வைத்தியம் கிடைக்கும், நோய்க்கால உதவித்தொகை கிடைக்காது. ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால் தான், சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை தருவார்கள். பழைய எண்ணில் அவளுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் கிடந்தது அந்தக் கார்டு!

இரண்டு எண்ணையும் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் எழுத வைத்து, என்னென்ன ஜெராக்ஸ் வைக்க வேண்டும் என்று சொல்லி, ஆபீசுக்கு அவரே போனும் செய்தார். மூன்று வாரம் அலைந்தோம், பணம் வந்தது. டி.பி., நோயாளிகளுக்கு மத்திய அரசு மாதம் 500 ரூபாய் சத்துணவுக்குத் தருகிறது என்பதையும் அவர் சொல்லித் தான் தெரியும். (2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கினார்கள்.) மற்ற மூன்று பெண்களையும் வரவழைத்துப் பரிசோதனை செய்ய வைத்தார். என் மாமியாரிடம் போனில், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரத்தில் தொற்றுகிற அபாயம் நன்றாகக் குறைந்து விடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். போனை வைத்து விட்டு மாமியார், "டாக்டரம்மா தன்மையா பேசறாங்க" என்றார். அவர் டாக்டரே இல்லை! படித்தது எம்.எஸ்.டபிள்யூ.,

நாத்தனார் மகளை ஒரு நாள் அவரிடம் அழைத்துப் போனேன். அவர் எச்.ஐ.வி., பரிசோதனை மையத்தில், கான்ட்ராக்ட் ஆலோசகராகத் தான் ஆரம்பித்தாராம். அப்புறம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், முதல்வர் காப்பீட்டுத் திட்டப் பிரிவு. 'அங்கே தான் நிர்வாகம் கத்துக்கிட்டேன்' என்றார். எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு அனுமதி, எந்தக் காகிதம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் எல்லாம் அங்கே அத்துப்படி. வேலை பார்த்துக் கொண்டே ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் டிப்ளமோ முடித்தார். இப்போது நோயாளிகள் சேவைப் பிரிவுக்கே பொறுப்பு. கீழே பன்னிரண்டு பேர்.

இந்த வேலை நேற்று முளைத்ததும் இல்லையாம். 1905ல் அமெரிக்காவில், பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் ரிச்சர்ட் கேபட் என்ற டாக்டர், வீட்டு நிலைமை தெரியாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை என்று, சமூகப் பணியாளரை வேலைக்கு வைத்தாராம். நம் நாட்டில் 1946ல் மும்பை ஜே.ஜே., ஆஸ்பத்திரியில். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952ல் சமூகப்பணிக் கல்லூரியே தொடங்கி விட்டார்; எழும்பூரில் இருக்கிறது. ஏன், நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே உள்ள ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனத்திலும் இந்தப் படிப்பு உண்டு. பஸ் போகிற வழியில் இத்தனை வருடம் அந்தப் போர்டைப் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று யாரைக் கேட்டோம்!

ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வேலைக்கும், சமூகப்பணியில் முதுகலை முடித்தவர்களுக்கு முன்னுரிமை என்று 2014 விதிகளிலேயே இருக்கிறது. கம்பெனி பக்கம் பார்த்தால், 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948 சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதுச் சட்டத் தொகுப்பில் அது 250 பேர் ஆகி விட்டது. எங்கள் பக்கம் 250 பேர் இல்லாத கம்பெனியைத் தேடித் தான் பிடிக்க வேண்டும்.

2021 டிசம்பரில் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், செல்போன் கம்பெனிப் பெண்கள் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சிலர் இறந்து விட்டதாக வதந்தி பரவி, சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையை மறித்து விட்டார்கள். 'இன்னார் இந்த வார்டில் நலமாக இருக்கிறார்' என்று, அந்தப் பெண்கள் நம்பும்படி சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால், பாதிப் பதற்றம் அங்கேயே அடங்கியிருக்கும் என்பது என் எண்ணம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் திறந்திருக்கிறார்கள். ஒரு பேரூராட்சி அளவு கூட்டம்! இவர்களுக்குக் காய்ச்சல், மாதவிலக்குக் கோளாறு, மனச்சோர்வு வந்தால், யாரிடம் போய் வாய் திறப்பார்கள்?

ஆனாலும், அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னதையும் எழுதி விடுகிறேன். ஆரம்பச் சம்பளம் குறைவு. அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் கான்ட்ராக்ட் தான். வருடா வருடம் நீட்டிப்பார்களா என்று மனசு அடித்துக் கொள்ளும். மேனேஜர் பதவிக்கு, ஆஸ்பத்திரி நிர்வாகமே படித்தவர்களும் போட்டிக்கு வருவார்கள். அதனால் எம்.எஸ்.டபிள்யூ.,வில் மருத்துவம் - மனநலப் பிரிவை எடுத்துக் கொண்டு, களப்பணியை ஏதாவது பெரிய ஆஸ்பத்திரியில் செய்யக் கேட்டு வாங்க வேண்டுமாம். கம்ப்யூட்டரில் கணக்குப் போடவும் கற்றுக் கொள்ள வேண்டும். கல்லூரியில் சேரும் முன், இந்தப் பிரிவு இருக்கிறதா, களப்பணிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்று இரண்டையும் நேரில் போய்க் கேளுங்கள்.

இந்தப் படிப்பு படித்து ஆஸ்பத்திரியிலோ, கம்பெனியிலோ இருக்கிற சகோதரிகள், உங்கள் அனுபவத்தை இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். முக்கியமாக, முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கூச்சப்படாமல் போடுங்கள். எங்கள் அண்ணனுக்குக் காட்ட வேண்டும்.

- ஒரு வாசகி, ஒரகடம்.