எண்ணியல் நாணயம்: தேர்ச்சி பெறுவது எவ்வாறு?

'பிட்காயின்' விலை ஏறிற்று, இறங்கிற்று என்ற பேச்சு இன்று கிராமத்துத் தேநீர்க் கடை வரை வந்துவிட்டது. பணம் சில மாதங்களில் இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டி, விதை நெல்லுக்கு வைத்த தொகையையும் வாங்கிச் செல்வோர் உண்டு. ஆகவே இத்துறையை முறையாகக் கற்றவர் ஊருக்கு ஓரிருவரேனும் இருத்தல் நலம். அக்கல்வியை விலைப் பட்டியலிலிருந்து தொடங்குதல் கூடாது என்பது நமது கருத்து.

இந்நாணயத்திற்கு அடிப்படை 'பிளாக்செயின்' என்னும் பேரேடு. முன்னாளில் ஊர்க் கணக்கு கர்ணம் ஒருவர் கையில் இருந்தது. அக்கணக்கின் படி ஒவ்வொரு வீட்டிலும் இருந்து, ஒருவர் ஓர் எண்ணைத் திருத்தினால் மற்றப் படிகள் அதைக் காட்டிக் கொடுக்குமாயின் எப்படியிருக்கும்? அதுவே இதன் அடிப்படை. சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபரில் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை இம்முறையை விளக்கிற்று. 2009 ஜனவரி 3-இல் முதல் 'பிளாக்', அதாவது பேரேட்டின் முதல் பக்கம், எழுதப்பட்டது.

படிப்பகத்தில் நான்கு இளைஞர்கள் கூடி இதைக் காகிதத்திலேயே செய்து பார்க்கலாம். ஆளுக்கொரு நோட்டில் ஒரே வரவு செலவை எழுதுக. பக்கத்திலுள்ள எண்களை ஒரு விதிப்படி கூட்டிப் பெருக்கி, விடையை அடியில் குறிக்க. அவ்விடையையே அடுத்த பக்கத்தின் தலைப்பில் எழுதி, அப்பக்கத்தின் கணக்கிலும் சேர்த்துக்கொள்க. பின்னர் எவரேனும் முதல் பக்கத்தில் 50-ஐ 500 ஆக்கினால், அடுத்து வரும் பக்கங்கள் யாவும் பொருந்தாமற் போகும். பிட்காயின் இதற்கு 'ஷா-256' என்னும் கணித முறையைக் கையாளுகிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலும் விடை முற்றிலும் மாறிவிடும்.

இது மனத்தில் பதிந்த பின்னரே, கையொப்பத்திற்கு ஈடான இரகசியச் சாவியைப் பற்றிப் படிக்க வேண்டும். சாவியைத் தொலைத்தவர் மனுக் கொடுக்கத் தாசில்தாரும் இல்லை, வங்கி மேலாளரும் இல்லை! பயிற்சிக்கென்றே விலைமதிப்பற்ற வெறும் சோதனை நாணயங்கள் உண்டு. கைப்பணம் ஒரு காசும் வேண்டுவதில்லை. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் 2015-இல் தொடங்கிய எத்தீரியத்தை அடுத்துக் கற்கலாம்.

சட்டமும் இப்பாடத்தின் ஒரு பகுதியே. இந்தியாவில் இது சட்டப்படி செல்லுபடியாகும் பணம் அன்று. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் இலாபத்திற்கு 30 சதவீத வரி உண்டு. ஒரு நாணயத்தில் கண்ட நஷ்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழிக்கவும் இயலாது. இரட்டிப்பு ஆசை காட்டுவோர் இதைச் சொல்வதில்லை.

நாணயத்தை விட்டுப் பேரேட்டை மட்டும் எடுத்து, நிலப் பதிவுக்கும் சான்றிதழுக்கும் பயன்படுத்தும் முயற்சிகள் உள்ளன. தமிழக அரசும் 2020-இல் இதற்கென ஒரு கொள்கை வெளியிட்டது. ஆனால் பதிந்ததை மாற்ற இயலாது என்பதனால் பதிந்தது உண்மையாகிவிடாது. சர்வே எண்ணைத் தவறாக ஏற்றினால் அத்தவறும் அழியாமல் நிற்கும். ஆதலின் இத்தகைய திட்டம் பஞ்சாயத்துக்கு வருமாயின், படிகள் எவரெவரிடம் இருக்கும், முதற் பதிவைச் சரிபார்ப்பவர் யார், பிழையைத் திருத்த வழி என்ன என்று உறுப்பினர்கள் கூட்டத்திலேயே கேட்டு, விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.