ஊதினால் வரும் எண்ணை நம்பலாமா?

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் கார் ஓட்டி வருபவரைப் போலீஸ்காரர் மறித்து, கருவியில் ஊதச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவுப்படி குற்றம். ரத்தமே எடுக்காமல் இந்தக் கணக்கு எப்படி வருகிறது?

நுரையீரலில் ரத்தத்திலிருந்து கொஞ்சம் ஆல்கஹால் மூச்சுக்காற்றில் கலக்கிறது. கருவியிலுள்ள பிளாட்டின மின்முனையில் அது வேதிமாற்றம் அடையும்போது மின்னோட்டம் பிறக்கும். அதை அளந்து, பெரும்பாலும் 2100-ஆல் பெருக்கி எண்ணைக் காட்டுகிறது கருவி. ரத்தத்துக்கும் மூச்சுக்காற்றுக்குமான இந்த விகிதமோ ஆளுக்கு ஆள் மாறும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷில் அப்போதுதான் கொப்பளித்திருந்தாலும் எண் எகிறும்; 15 நிமிடம் பொறுத்து ஊதினால் இறங்கிவிடும். கருவியை எப்போது அளவுதிருத்தினார்கள் என்று வழக்கறிஞர் கேட்பது முழுக்க நியாயம்.

ரத்தப் பரிசோதனை இதைவிட உறுதியானது. ஆனாலும் ஊசி குத்துமுன் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் சந்தேகம் எழும். சோடியம் ஃபுளூரைடு இல்லாத குழாய் வெயிலில் கிடந்தால், நுண்ணுயிர்கள் ரத்தச் சர்க்கரையை நொதிக்கவைத்துக் குடிக்காத ஆல்கஹாலை உண்டாக்கலாம்.

வாயில் வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி மட்டும் குடித்ததை நிரூபிக்கப் போதாது என்று 1971-இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெறுங்காலோடு மக்கள் வலம்வரும் பாதையில் குடித்து ஓட்டுபவர் தப்பக்கூடாது என்பதால்தான் சோதனையைச் சரியாகச் செய்யச் சொல்கிறேன். கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்கிறது சட்டம். தாமதித்தால், 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறைந்துகொண்டே போகும்.