திறந்ததும் எதைக் காட்டுவது?

கையடக்க லினக்ஸ் கணினி ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால் சிப் என்ன, ராம் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆன் செய்ததும் திரையில் எந்த டெஸ்க்டாப் வரும் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. தினமும் நாம் மல்லுக்கட்டப்போவது அதோடுதான். லினக்ஸில் பிடித்த டெஸ்க்டாப்பை யாரும் போட்டுக்கொள்ளலாம்; கேடிஈ, க்னோம், எக்ஸ்எஃப்சிஇ என்று வேண்டிய மட்டும் இருக்கின்றன. ஆனால் பெட்டியைப் பிரிக்கும்போது எது இருந்ததோ, அதையே பெரும்பாலானவர்கள் கடைசிவரை வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே டீஃபால்ட்டைத் தேர்ந்தெடுப்பவர் ஏறக்குறைய அந்தக் கருவியின் குணத்தையே தீர்மானித்துவிடுகிறார்.

2007-க்கும் 2010-க்கும் இடையில் வந்த மூன்று கருவிகளை எடுத்துக்கொள்வோம். அசுஸின் ஈ-பிசி 701, நோக்கியாவின் என்900, ஓப்பன்பண்டோரா. மூன்றிலும் லினக்ஸ். மூன்றின் திரையிலும் 800-க்கு 480 புள்ளிகள். ஆனால் மூன்றும் காட்டிய முகப்புகளுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஈ-பிசி சின்ன மடிக்கணினி. 7 அங்குலத் திரையில் இணையம், வேலை, படிப்பு, விளையாட்டு என்று தாவல்கள், அவற்றில் பெரிய பெரிய ஐகான்கள். புதிதாகக் கணினி தொடுபவருக்கு அருமையான ஏற்பாடு. முழு டெஸ்க்டாப் வேண்டுமென்றால் மட்டும் டெர்மினலைத் திறந்து கூடுதல் தொகுப்புகளை நிறுவ வேண்டியிருந்தது. எளிமையைக் கொடுத்தது சரி. அதிலிருந்து வெளியே வரும் வழியை அவ்வளவு மறைவாக வைத்திருக்கத் தேவையில்லை.

என்900-ம் பண்டோராவும் உள்ளே கிட்டத்தட்ட உடன்பிறப்புகள். ஒன்றில் ஓமாப் 3430 சிப், மற்றதில் ஓமாப் 3530. இரண்டுக்கும் 600 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி ராம். ஆனால் நோக்கியா செய்தது தொலைபேசி, திரை 3.5 அங்குலம், இயக்கப்போவது விரல். எனவே ஹில்டன் என்ற முகப்பில் ஒவ்வொரு செயலியும் திரை முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஒரு உரையாடல் பெட்டி வந்தால் அதற்கு வெளியே தொட்டாலே போதும், மூடிக்கொள்ளும். குட்டிப் பொத்தானைக் குறிபார்த்துத் தொடும் அவஸ்தை இல்லை. அந்தச் சுகத்துக்கு விலையும் இருந்தது: மேசைக் கணினிக்கு எழுதிய மென்பொருளை ஹில்டனுக்கென்று திருத்தி எழுதினால்தான் அங்கே பொருந்தி உட்காரும்.

பண்டோரா நேரெதிர் திசையில் போனது. விளையாட்டுப் பிரியர்கள் தங்களுக்காகவே உருவாக்கிய கருவி அது: 4.3 அங்குலத் தொடுதிரை, முழு விசைப்பலகை, இரண்டு பக்கமும் விளையாட்டுப் பொத்தான்கள். முதல் முறை ஆன் செய்யும்போது பெயர், கடவுச்சொல்லோடு இன்னொன்றையும் கேட்கும்: எந்த முகப்பு வேண்டும்? எக்ஸ்எஃப்சிஇ என்றால் முழு டெஸ்க்டாப். மினிமெனு என்றால் செயலிகளும் விளையாட்டுகளும் வரிசையாக நிற்கும்; திசைப் பொத்தானாலேயே தேடிப் பிடிக்கலாம்.

எக்ஸ்எஃப்சிஇ-யைத் தேர்ந்தெடுத்தவருக்குச் சில சங்கடங்கள் காத்திருந்தன. பல லினக்ஸ் மென்பொருள்கள் இதைவிட உயரமான திரையை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. அமைப்புகள் சாளரத்தைத் திறந்தால் அதன் 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். பண்டோராவில் விளையாட்டின் ஸ்டார்ட் பொத்தானே ஆல்ட். இடது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் குமிழ் மவுஸ் போலச் சுட்டியை நகர்த்தும், வலது குமிழ் கிளிக் செய்யும். பழகிவிட்டால் கை தானாகச் செய்யும். ஆனால் முதல் நாளிலேயே இதை ஒருவர் கற்றாக வேண்டிய நிலை இருக்கக் கூடாது. மினிமெனு அந்த இடத்தில்தான் காப்பாற்றியது.

இரண்டு முகப்பும் ஒரே கருவியில் சண்டையில்லாமல் வாழ்ந்ததற்குக் காரணம் பிஎன்டி கோப்புகள். ஒரு செயலி முழுவதும் ஒரே கோப்பு. எஸ்டி கார்டில் உரிய கோப்புறையில் போட்டால் போதும். டெஸ்க்டாப் கோப்புறையில் இட்டால் ஐகானாகத் தெரியும், மெனு கோப்புறையில் இட்டால் மெனுவில் வரும். செயலி எந்த முகப்புக்கும் சொந்தமில்லை. அதனால் எக்ஸ்எஃப்சிஇ-யிலிருந்து மினிமெனுவுக்கு மாறினால் எதையும் இழக்க மாட்டீர்கள். என் பார்வையில் அந்தக் கருவியின் மிகச் சிறந்த முடிவு இதுதான். டீஃபால்ட்டை மாற்றினால் செயலிகள் போய்விடும் என்றால், மாற்றும் உரிமை வெறும் பேச்சுதான்.

2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியில் வால்வ் நிறுவனம் கேள்வியே கேட்கவில்லை. ஆன் செய்தால் நேரே விளையாட்டு முகப்பு. பவர் மெனுவுக்குள் போய் டெஸ்க்டாப்புக்கு மாறச் சொன்னால் கேடிஈ பிளாஸ்மா முழுசாக வந்து நிற்கும்; வலது டச்பேட் மவுஸ் ஆகிவிடும், தட்டச்சு செய்ய ஸ்டீம் பொத்தானோடு எக்ஸ் பொத்தான். திரும்பிப் போவதற்கும் டெஸ்க்டாப்பிலேயே ஒரு ஐகான் இருக்கிறது. விசைப்பலகையே இல்லாத கருவிக்கு இது சரியான வரிசை என்பேன். விசைப்பலகையோடு வரும் கருவிக்கு இதே வரிசையை அப்படியே எடுத்துப் போட்டால் தப்பாகிவிடும். எழுதவும் நிரல் அடிக்கவும் வாங்கியவர் ஒவ்வொரு முறையும் விளையாட்டுப் பட்டியலைத் தாண்டிப் போக வேண்டியதில்லை; அங்கே பண்டோராவைப் போல முதல் நாளிலேயே ஒரு தடவை கேட்டுவிடுவதுதான் மரியாதை. கேட்கும்போது எக்ஸ்எஃப்சிஇ-யா, பிளாஸ்மாவா என்று பெயர்களை நீட்டாமல், இதை எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டால் யாரும் பதில் சொல்வார்கள்.