அடுப்பு வெடித்த ஞாயிற்றுக்கிழமை

'டப்' என்று ஒரு சத்தம். விரல் நுனி அளவு சில்லு ஒன்று பறந்து வந்து, ஐந்தடி தள்ளி நின்ற என் மகளின் செருப்பருகே விழுந்தது. சுபாங் ஜெயா வீட்டின் பின்புறத்தில், ரொட்டி சுடுவதற்காக நானே கட்டிய விறகடுப்பு அது. கட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. காய்ந்துவிட்டது என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே விறகை அடுக்கிப் பெருந்தீ மூட்டினேன். நவம்பர் மாதம் வேறு.

ஃபயர்பிரிக் எனும் சூடு தாங்கும் செங்கல் மீது பழியில்லை. அது சூளையில் வெந்து வந்தது. சிக்கல், கற்களுக்கு நடுவே பூசிய சிமெண்டில். உள்ளே தங்கிய நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கும். மெல்லக் கசிய நேரம் கொடுக்காவிட்டால் பிளந்துகொண்டுதான் வெளியே வரும்.

படத்தைக் கனடாவில் இருக்கும் மைத்துனருக்கு அனுப்பினேன். மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கும் பண்ணைக்கு வார இறுதிகளில் உதவிக்குப் போகிறவர். ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். நம் ஊர் வெல்லம் காய்ச்சுவது போலத்தான், ஆனால் குளிர்காலம் முடிகிற சமயத்தில். அந்த அடுப்புக்குள்ளும் இதே கல், இதே சிமெண்ட். அங்கே பயம் வேறு. கலவை இறுகுமுன் உறைந்தால், பனிக்கட்டியாகும் நீர் சுமார் 9 விழுக்காடு விரிந்து இணைப்பைப் பொடியாக்கிவிடும். அதனால் குளிருக்கு முன்பே பூசி முடிப்பார்களாம். தப்பினால் அடுப்பைப் போர்த்தி, உள்ளே சிறு ஹீட்டர் வைப்பார்களாம்.

"இங்கதான் பனி இல்லையே மச்சான்" என்றேன்.

"மழை இருக்குல்ல?"

உண்மைதான். ஆண்டிறுதியில் இங்கே கொடியில் போட்ட துணியே காய்வதில்லை. டப்பாவில் குழைத்தே விற்கும் சிமெண்ட் பெரும்பாலும் சோடியம் சிலிக்கேட் கலந்தது, ஈரம் போனால்தான் இறுகும். தூளாக வரும் கால்சியம் அலுமினேட் வகை நேர்மாறு. நீரோடு சேர்ந்து இறுகுவதால் முதல் நாள் ஈரத்துணி போர்த்த வேண்டும், உலர்த்துவது அதற்குப் பிறகுதான். நான் வாங்கியது எந்த வகை என்றுகூடப் பார்க்கவில்லை. டப்பாவில் எல்லாம் சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது.

பிளந்த இணைப்புகளைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசினேன். இம்முறை மேலே தகரக் கூரை. பத்து நாள் காற்றாட விட்டு, பழைய குண்டு பல்பு ஒன்றை உள்ளே எரியவிட்டேன். பிறகு ஒரு கைப்பிடி அடுப்புக்கரி. முதல் நாள் 100 டிகிரி செல்சியஸ், அடுத்தடுத்த நாள்களில் 150, 200, 250. தினமும் சில மணி நேரம் சூடு, பிறகு ஆறவிடுவது. அடுப்பு வாயில் குளிர்ந்த கண்ணாடியைக் காட்டச் சொன்னார் மச்சான். மங்கினால் இன்னும் நீர் இருக்கிறது. கரியில்தான் இந்தச் சோதனை, விறகுப் புகையிலேயே நீராவி உண்டு. மூன்று நாள் மங்கியது. ஐந்தாம் நாள் தெளிவாக இருந்தது.

தலைமுடி அளவில் இரண்டு விரிசல்கள் விழுந்தன. அது சகஜமாம்.

ரொட்டி நன்றாகவே வருகிறது. மகள் மட்டும் நான் தீ மூட்டும்போது இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள்.